கூந்தலுக்கு ஒரு துண்டுத் துணி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கொண்டை போடுவது பற்றி எழுதியபோது, கொண்டையைச் சுற்றி ஒரு ஸ்காஃப் கட்டினால் எடுப்பாக இருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கொண்டையைப் பற்றிக் கேட்டவர்கள் இருவர்தான். மற்றக் கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஸ்காஃப் என்றவுடன் முஸ்லிம் சகோதரிகள் தலையை மூடி அணிவதையே பலரும் நினைப்பார்கள். இந்தக் கேள்வி பதிலில் அதுவும் உண்டு, பின்னலிலும் கொண்டையிலும் அலங்காரமாகக் கட்டுவதும் உண்டு.

கேள்வி (ஆசிரியை, கல்லடி): அன்புள்ள அக்கா, நான் தினமும் ஸ்கூட்டரில் பாலத்தைக் கடந்து நகரத்திலுள்ள பாடசாலைக்குச் செல்கிறேன். சேலைதான் உடுத்துவது. வீட்டில் எவ்வளவு கவனமாக வாரிக் கொண்டை போட்டாலும், தலைக்கவசத்தைக் கழற்றும்போது முன்முடி ஒரு பக்கம் படிந்தும் காதோர முடி பறந்தும் நிற்கின்றது. தலைக்கவசத்துக்குள் ஸ்காஃப் கட்டலாமா?

பதில்: கட்டலாம். ஆனால் முடிச்சு தலைக்கவசத்துக்குள் இருக்கக் கூடாது. கவசம் தலையைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பொருந்தியிருந்தால்தான், விழும்போது அடியைப் பரப்பி வாங்கிக்கொள்ளும். உள்ளே நெல்லிக்காய் அளவில் ஒரு முடிச்சு இருந்தாலே அந்தப் பொருத்தம் கெட்டுவிடும். வீட்டிலேயே கொண்டை போட்டுக்கொண்டு அதன் மேல் கவசத்தை அழுத்தி மாட்டுவதிலும் இதே ஆபத்து இருக்கின்றது.

ஆகவே புறப்படும்போது கொண்டை போடாமல், பிடரிக்குக் கீழே தளர்வான ஒற்றைப் பின்னலாக விடுங்கள். வொயில் போன்ற மெல்லிய பருத்தித் துணியை முக்கோணமாக மடித்து, நீண்ட ஓரத்தை முன்முடி தொடங்கும் இடத்தில் வைத்து, இரு முனைகளையும் காதுகளுக்குப் பின்னால் இறக்கி, கவசத்தின் பின்விளிம்புக்குக் கீழே பிடரியில் முடியுங்கள். கவசத்தை மாட்டித் தாடைப்பட்டியைப் பூட்டிய பின் தலையை இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். கவசம் தலையோடு சேர்ந்து அசைய வேண்டும், துணியின் மேல் வழுக்கக் கூடாது. பட்டும் சாட்டினும் வழுக்கும் என்பதால் கவசத்துக்கு அடியில் அவை வேண்டாம்.

பாடசாலைக்குப் போனதும் பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக்கி இரண்டு ஊசி குத்துங்கள். தலையிலிருந்து எடுத்த அதே துணியை மூன்று விரல் அகலப் பட்டியாக மடித்து, அதன் நடுப்பகுதியைக் கொண்டையின் அடியில் வைத்து, இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து ஒரு தடவை குறுக்காக மாற்றி, மீண்டும் அடிக்குக் கொண்டுபோய் முடிந்து, மிஞ்சிய நுனிகளைக் கொண்டைக்கு உள்ளே சொருகிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. வரும்போது முடியைக் காத்த துணி, வகுப்பறைக்குள் அலங்காரமாகிவிடும்.

ஓடும்போது ஸ்காஃபின் நுனிகள் பின்னால் பறக்காதபடி சட்டைக் கழுத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள். இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞர் 1927 ஆம் ஆண்டு பிரான்ஸின் நீஸ் நகரில் திறந்த காரில் சென்றபோது, அவர் அணிந்திருந்த நீண்ட பட்டுத்துணி பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டதாலேயே இறந்தார். சேலை முந்தானைக்கும் இது பொருந்தும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னுடைய ஸ்காஃப் ஒன்று அந்தப் பாலத்தில் வைத்துத்தான் கழன்று வாவிக்குள் போனது. சக்கரத்துக்குள் போகாமல் விட்டதே என்று அன்று ஆறுதலடைந்தேன்.

காற்றின் பருவத்தையும் பாருங்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசும் கச்சான் காற்று, மலைநாட்டைக் கடந்து வறண்டு வருவதால் முடியின் ஈரத்தை உறிஞ்சி நுனிகளை முரடாக்கும். அந்த மாதங்களில் நுனியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிப் பருத்தியால் மூடுவது நல்லது. வாடை வீசும் மழை மாதங்களில் பருத்தி நனைந்தால் இலகுவில் உலராது. அப்போது மெல்லிய ஜோர்ஜெட் துணியைக் கழுத்தோரம் வைத்திருந்து, கவசம் கழற்றிய பின் மட்டும் கட்டிக்கொள்ளலாம்.

கேள்வி (இல்லத்தரசி, கல்முனை): என்னிடம் உடுத்தாமல் கிடக்கும் கைத்தறிச் சேலைகள் நான்கு இருக்கின்றன. வெட்டி மகள்மாருக்கு ஸ்காஃப் தைக்க விரும்புகிறேன். எத்தனை அங்குலத்தில் வெட்டுவது? கடையில் வாங்கிய ஒன்று எப்படிக் கட்டினாலும் அரை மணித்தியாலத்தில் வழுக்கிப் பின்னால் போய்விடுகின்றது. இதற்குக் காரணம் என்ன?

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். முடிச்சு வகைகளைக் கேட்டு எழுதியவர்கள் பலர். துணியைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். என் அனுபவத்தில், ஸ்காஃப் நிற்பதும் நழுவுவதும் முடிச்சில் இல்லை, துணியிலேயே தீர்மானமாகிவிடுகின்றது.

முதலில் வழுக்குவதற்கான காரணம். மருதமுனை உங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே தறியில் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) எப்படிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன என்று பார்த்திருப்பீர்கள். ஒரு துணியைப் பாவின் வழியே இழுத்தாலும் ஊடையின் வழியே இழுத்தாலும் அது நீளாது. மூலைக்கு மூலை பிடித்து இழுத்துப் பாருங்கள், சற்று நீண்டுகொடுத்துப் பின் சுருங்கும். தையற்காரர்கள் இதைத்தான் கிராஸ் என்பார்கள். தலை உருண்டை, நீண்டு சுருங்கும் துணியே அந்த உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். நேராக வெட்டிய நீளப் பட்டியோ, சதுரத்தை ஓரத்தோடு ஓரமாக மடித்த பட்டியோ நீண்டுகொடுக்காது என்பதால், எவ்வளவு இறுக்கினாலும் பிடரியில் உயர்ந்து உச்சியில் வழுக்கும். சதுரத்தை மூலைக்கு மூலை வைத்து முக்கோணமாக்கி, அந்த முக்கோணத்தின் கூர்முனையிலிருந்து நீண்ட ஓரத்தை நோக்கி மடித்து மடித்துப் பட்டியாக்கினால், கிராஸ் முழுவதும் பட்டியின் நீளத்தில் வந்துவிடும். நீங்கள் வாங்கிய ஸ்காஃபையே இப்படி மடித்துக் கட்டிப் பாருங்கள். அதன் பிறகும் வழுக்கினால் அது பொலியெஸ்டர் சாட்டினாகத்தான் இருக்கும். சாட்டின் என்பது நூலின் பெயரல்ல, நெசவின் பெயர். பட்டிலும் வரும், பொலியெஸ்டரிலும் வரும். காதுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு சிறு ஊசி குத்துவதைத் தவிர அதற்கு மாற்று வழி இல்லை.

இனி அளவு. வளர்ந்த பெண்ணின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 22 அங்குலம். முடிச்சுக்கும் நுனிகளுக்கும் இன்னும் 10 அங்குலமாவது வேண்டும். சதுரத்தின் மூலைக்கு மூலை நீளம், அதன் ஒரு பக்கத்தைப் போல 1.4 மடங்கு. ஆகவே 24 அங்குலச் சதுரம் மூலைவாட்டில் 33 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். தலையைச் சுற்றி ஒரு தடவை கட்டப் போதும். 20 அங்குலத்தில் வெட்டினால் குதிரைவாலுக்கும் கொண்டைக்கும் மட்டுமே உதவும். ஐரோப்பியப் பட்டு ஸ்காஃப்கள் பெரும்பாலும் 90 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ 35 அங்குலச் சதுரமாக வருகின்றன. தலைக்கும் கழுத்துக்கும் தோளுக்கும் அந்த ஒரே துணி போதும்.

உங்கள் சேலையின் அகலம் 45 அங்குலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பில் சொருகிய ஓரமும் கணுக்காலில் உரசிய ஓரமும் நைந்திருக்கும். இரண்டிலும் ஐந்து ஐந்து அங்குலத்தைக் கழித்துவிட்டால் அந்த 35 அங்குலச் சதுரம் தானாகவே கிடைக்கின்றது. தோளில் பின் குத்திய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விலக்குங்கள். சரிகை ஓடும் பகுதி வேண்டவே வேண்டாம். சரிகை முடியை அரம் போல அறுக்கும். ஓரத்தை ஓவர்லொக் அடித்தால் மொத்தமாகி, மடிக்கும்போது துருத்தும். பொறுமை இருந்தால் விரல் நுனியில் உருட்டிக் கையால் தையுங்கள்.

மகள்மார் பின்னலில் கட்ட விரும்பினால் நீளப் பட்டி தேவை: 6 அங்குல அகலம், 60 அங்குல நீளம். முடியைக் குதிரைவாலாகக் கட்டி, பட்டியின் நடுவை அந்தக் கட்டின் மேல் ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தினால் இரண்டு நுனிகள் தொங்கும். முடியை மூன்று காலாகப் பிரித்து, இரண்டு கால்களோடு ஒவ்வொரு நுனியையும் சேர்த்து, மூன்றாவது காலை வெறுமனே விட்டுப் பின்னுங்கள். நிறம் ஓரிடத்தில் தோன்றி ஓரிடத்தில் மறைந்து வரும். மூன்று காலிலும் துணி சேர்த்தால் பின்னல் கயிறு போலாகிவிடும்.

கைத்தறித் துணியில் சாயம் போகுமா என்று அறிய, நனைத்த வெள்ளைத் துணியால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். தறிக்குப் போகுமுன் நூலில் சரியாகப் பிடிக்காத சாயம் பிறகு உப்பால் பிடிக்காது. மூன்று நான்கு தடவை தனியே அலசி, மிஞ்சியதை வெளியேற்றுவதே வழி.

கேள்வி (அரச ஊழியர், ஆரையம்பதி): நான் தலையில் ஸ்காஃப் கட்டினால், "வெள்ளைக்காரிகளின் பழக்கம் நமக்கெதற்கு?" என்று மாமி கேட்கிறார். மரியாதைக் குறைவில்லாமல் என்ன பதில் சொல்வது?

பதில்: மாமியிடம், கைக்குட்டைக்கு அவர் என்ன சொல் வழங்குகிறார் என்று கேளுங்கள். லேஞ்சி என்பார். அது போர்த்துக்கேயச் சொல். புளியந்தீவில் 1628 இல் கோட்டை கட்டி, பத்தே ஆண்டுகளில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தவர்கள் விட்டுப்போனவற்றுள் ஒன்று. மொழியில் ஏறிவிட்ட துணி தலையில் ஏறுவதில் என்ன குற்றம்?

உண்மையில் இந்தத் துணி இரு திசையிலும் பயணம் செய்திருக்கின்றது. கரீபியன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப், சென் லூசியா ஆகியவற்றின் மரபுடையில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்கு அங்கே இன்றும் மெட்ராஸ் என்றுதான் பெயர். நம் தமிழ்க் கரையிலிருந்து கப்பலேறிப் போன பருத்தித் துணி அது. பண்டானா என்ற சொல்லும், கட்டுதல் என்று பொருள்படும் வட இந்தியச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நாம் பந்தம் என்று எழுதும் சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. இனி, கூந்தலை முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகையாக முடிந்து அதற்கு ஐம்பால் என்று பெயரிட்ட இனம் நாம். பின்னலின் நுனியில் பட்டுக் குஞ்சம் கட்டிய தலைமுறையும் வெகுதூரத்தில் இல்லை.

இவ்வளவையும் மாமியிடம் சொல்ல வேண்டாம். அருவி வெட்டு என்னும் நெல் அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போகும் பெண்கள் தலையில் துண்டு கட்டுவதை அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்தவர். அதை நினைவூட்டினாலே போதும். கோயிலுக்குப் போகும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், வீட்டில் சமாதானம் நிலவும்.

கேள்வி (மாணவி, ஒலுவில்): நான் தினமும் காலையில் தலை குளித்துவிட்டு, நேரமில்லாததால் ஈரத்தோடு கொண்டை போட்டு, உள்தொப்பியும் அணிந்து அதன் மேல் ஸ்காஃப் கட்டுகிறேன். இரண்டு வருடத்தில் நெற்றியோரம் முடி மெலிந்துவிட்டது. தலையில் அரிப்பும் உண்டு. காற்றுப் படாததால்தான் முடி உதிர்கின்றது என்று உம்மாவிடம் அயலவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையல்ல, தங்கச்சி. தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதற்கு மூச்சு இல்லை. வேருக்கு வேண்டியதை இரத்தமே கொண்டுவருகின்றது, காற்று அல்ல. தலையை மூடுவதால் முடி உதிராது. நீங்கள் எழுதியிருப்பவற்றில் இரண்டு விடயங்கள்தான் குற்றவாளிகள்: இறுக்கமும் ஈரமும்.

முடியை ஒரே திசையில் நாள்தோறும் இறுக்கி இழுத்தால், இழுவை அதிகம் விழும் நெற்றியோர வேர்கள் நலிந்து மெலிந்த முடியையே தரத் தொடங்கும். இறுக்கி இரட்டைப் பின்னல் பின்னும் சிறுமிகளுக்கும், தலையை மூடாமலேயே உச்சிக் கொண்டை போடுபவர்களுக்கும் இது வருகின்றது. மாலையில் கொண்டையை அவிழ்க்கும்போது தலைத்தோல் வலித்தால், அது இறுக்கம் கூடியதன் அடையாளம். தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்பி வரும். பல வருடங்கள் இழுபட்டு வேர் தழும்பாகிவிட்டால் வராது. அதனால் இன்றே மாற்றுங்கள்.

கொண்டையைப் பிடரியில் தாழ்வாகவும், ஒருநாள் சற்று வலமாகவும் ஒருநாள் இடமாகவும் போடுங்கள். றப்பர் பாண்டுக்குப் பதிலாகத் துணி சுற்றிய பாண்டைப் பயன்படுத்துங்கள். உள்தொப்பியின் இலாஸ்ரிக் நெற்றியில் கோடு பதிக்குமானால் அது சிறியது. ஒரு விரல் உள்ளே இலகுவாக நுழைய வேண்டும். தொப்பி பருத்தியானால் வியர்வையை வாங்கும், முடியோடு உரசும். உட்பக்கம் மட்டும் சாட்டின் வைத்துத் தைத்த பருத்தித் தொப்பி கிடைத்தால் இரண்டுக்கும் நல்லது. மேலே கட்டும் ஸ்காஃபை நிறுத்தத் தினமும் ஒரே இடத்தில் பின் குத்த வேண்டாம்.

ஈரம் வேறு கதை. நனைந்த முடி இழுத்தால் நீளும், உலர்ந்ததைவிட இலகுவில் அறும். ஈரமும் சூடும் ஒன்றாக அடைபட்ட இடத்தில் பூஞ்சணம் பெருகும். அரிப்புக்கும் பொடுகுக்கும் அதுவே பெரும்பாலும் காரணம். காலைக் குளிப்பை விட முடியாவிட்டால் தலைக்குளிப்பை மட்டும் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். இரவில் முடி உலர்ந்துவிடும். மூன்று மாதத்துக்குப் பின்னும் நெற்றியோரம் புதிய சிறு முடிகள் தெரியாவிட்டால் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் முடியை மெலியச் செய்யும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

கேள்வி (மகள், செங்கலடி): அம்மாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கப்போகின்றது. முடி உதிரும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இடுப்புவரை முடி உள்ளவர். விக் வேண்டாம் என்கிறார். துணி கட்டுவதென்றால் எப்படி?

பதில்: எல்லா மருந்துக்கும் முடி உதிர்வதில்லை, உதிரும் என்று வைத்தியர் சொன்ன மருந்தானால், முதல் ஊசி ஏற்றி இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தொடங்கும். அதற்கு முன்பே அம்மாவின் விருப்பத்தோடு முடியைக் கட்டையாக வெட்டிவிட்டால், தலையணையில் நீள முடியைக் கொத்தாகக் காணும் துயரம் குறையும். வெட்டுவதற்குள் ஒருநாள், முடி இருக்கும்போதே, கண்ணாடியின் முன்னால் இருவருமாகத் துணி கட்டிப் பழகுங்கள். தேவை வரும் நாளில் கை தானாகச் செய்யும்.

முடியில்லாத தலையில் பட்டு நிற்காது. மென்மையாகத் துவைத்துப் பழகிய பருத்தியில், ஏறத்தாழ ஒரு மீற்றர் சதுரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பழைய வொயில் சேலையே இதற்கு ஏற்றது. சிகிச்சைக் காலத்தில் தலைத்தோல் கூச்சமாக இருக்கும், தையல் விளிம்புகூட உறுத்தும், ஆகவே தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். முக்கோணமாக மடித்து, நீண்ட ஓரத்தைப் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் வையுங்கள். இரு முனைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய், தொங்கும் மூன்றாம் முனையின் மேலாக ஒரு தடவை முடியுங்கள். பின்னர் மூன்று நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, பிடரியிலேயே சிறு கொண்டை போலச் சுற்றி, நுனியை அடியில் செருகுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் துணிக்குள் முடி இருப்பது போலவே தோன்றும். உச்சி தட்டையாகத் தெரிந்தால், துணிக்கு அடியில் நான்காக மடித்த ஒரு சிறு பருத்தித் துண்டை வையுங்கள்.

நம் வெயிலில் வெறுந்தலையோடு முற்றத்துக்கும் போக வேண்டாம். இரவில் தலை குளிரும், அதற்குத் தையலில்லாத மெல்லிய தொப்பி போதும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி மீண்டும் முளைக்கும். முதலில் வருவது சுருளாகவோ நிறம் மாறியோ இருந்தால் பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி (திருக்கோவில்): தோழியின் கல்யாணத்துக்குக் கொண்டையில் மல்லிகைச் சரமும் ஸ்காஃபும் சேர்த்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மல்லிகை இருக்கும் இடத்தில் துணிக்கு வேலையில்லை. பூவின் ஈரம் துணியில் கறையாகவும் படியும். ஸ்காஃபை மறுநாள் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஏறாவூர்): சவூதியிலிருந்து வாப்பா கொண்டுவந்த பட்டு ஸ்காஃபில் தேங்காய் எண்ணெய் படிந்துவிட்டது. எடுக்க முடியுமா?

பதில்: தண்ணீரில் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கின்றது. கறையின் மேல் முகப்பவுடரைத் தடிப்பாகத் தூவி ஒரு மணித்தியாலம் விட்டு, மெதுவாகத் தட்டி எடுங்கள். பவுடர் எண்ணெயை உறிஞ்சும். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை தூவுங்கள். பின்பு குளிர்ந்த நீரில் சில சொட்டு ஷாம்பு விட்டுக் கசக்காமல் அலசி, பிழியாமல் ஒரு துவாயில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். சலவைத் தூளும் வெயிலும் பட்டின் பளபளப்பைக் கெடுத்துவிடும். தலைக்கு எண்ணெய் வைக்கும் நாட்களில் அந்தப் பட்டை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, வாப்பாவின் பழைய சாரத்தில் வெட்டிய ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.